நான் தூக்கிய கையும் மொட்டை மாடிப் பூட்டும்

அன்பு மகளுக்கு,

இங்கே உன் அம்மா நலம், நானும் நலம், என் இடது முழங்கால் மட்டும் மாடிப்படி விஷயத்தில் தனிக் கருத்து வைத்திருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி, இருமல் எதுவும் அண்டாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே, கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் நீ ஒன்று கேட்டால் நான் சரி சரி என்றே சொல்லிவிடுகிறேன், வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று யோசிக்கிறேன், அதற்குள் பாதியில் அம்மா வேறு போனை வாங்கிக்கொள்கிறாள். எழுதினால் அடித்துத் திருத்தலாம். இந்தத் தாளில் நிறையவே அடித்திருக்கிறேன், பொறுத்துக்கொள்.

இந்த வீட்டை வாங்குவதா வேண்டாமா என்று மாதக் கடைசிக்குள் உனக்குப் பதில் சொல்ல வேண்டும், நினைவிருக்கிறது. நம் வீட்டுக்காரர் விற்பது உறுதி. இத்தனை வருஷம் சத்தமில்லாமல் குடியிருந்த மரியாதைக்காக முதலில் நம்மிடம் கேட்டார், நாம் வேண்டாம் என்றால் இன்னொருவர் தயாராக இருக்கிறார். அந்த மனிதர் ஒருநாள் வந்து சுவரையெல்லாம் டேப் வைத்து அளந்தார், என் நாற்காலியைக்கூட அளந்தார், நான் அதில்தான் உட்கார்ந்திருந்தேன். அவருக்குக் குடிவரும் எண்ணம் இல்லையாம், வாங்கிப் போட்டு வாடகைக்கு விடுவாராம். நீயோ நான் வாங்கித் தருகிறேன் என்கிறாய். அன்றைக்குப் போனில் நீ ஒரு வார்த்தை சொன்னாய், "சொந்த வீடுன்னாதான்ப்பா அக்கம்பக்கத்துல ஒரு ஒட்டுதல் வரும், வாடகைக்கு இருக்கறவங்கள யாரு தங்கள்ல ஒருத்தரா நினைப்பாங்க" என்று. நீ சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாய், எனக்கு அது உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. உண்மையாக இருக்குமோ? அப்படியென்றால் இத்தனை வருஷம் நாம் ஒட்டாமலா இருந்தோம்? உனக்குத்தான் தெரியுமே, வேலைக்காலம் முழுக்க வானிலை நிலையத்தில் மழையை அளந்து எழுதியவன் நான். மேகத்தைப் பார்த்து மழை வரும் என்று சொல்ல எனக்கு ஒருநாளும் துணிச்சல் வந்ததில்லை, பெய்து முடிந்த பிறகு எவ்வளவு என்று சொல்வேன். அதனால் இதையும் அளந்து பார்த்துவிட்டே பதில் எழுதலாம் என்று இருந்தேன்.

இந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், பாதிப் பேர் நம்மைப் போல. யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள் என்று கவனித்தேன். இது ஒட்டுக் கேட்பது, இதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைக்காதீர்கள் என்றாள் உன் அம்மா. இருக்கலாம். சொந்தக்காரர் வீட்டுக் கதவு மூடியிருக்கும், வாடகைக்காரர் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்றுதான் முதலில் எனக்குப் பட்டது. உடனே செயலாளர் வீடு நினைவுக்கு வந்தது. அவர் சொந்தக்காரர்கள் சங்கத்துக்கே செயலாளர், அவர் கதவு விடிந்ததிலிருந்து திறந்தே கிடக்கும், படியேறுகிறவர் ஒருவரும் தப்பிவிடக்கூடாதே. அந்த முடிவை அடித்துவிட்டேன். அடுத்தது கொஞ்சம் தேறியது. வாடகைக்காரர்கள் ஒருவரிடம் ஒருவர் பொருள் கேட்கிறார்கள், ஏணி, இஸ்திரிப் பெட்டி, ஒரு கிண்ணம் சர்க்கரை, குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். சொந்தக்காரர்கள் கூட்டத்துக்கு நாற்காலி கேட்பதைத் தவிர வேறு எதுவும் கேட்பதில்லை, எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஆனால் தண்ணீர்த் தொட்டி, வெளிச்சுவர், படிக்கட்டு விளக்கு என்று எல்லோருக்கும் பொதுவான பொருளைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்கள், அவர்களுக்குச் சண்டையும் அதில்தான், உறவும் அதில்தான். வாசல் கேட் பக்கத்தில் நிற்கிறதே மரம், அதை நட்டது மேல்மாடியில் இருக்கும் மேனேஜராம், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். நாம் இத்தனை வருஷம் அதன் நிழலில் நின்று காய்கறி வாங்கியிருக்கிறோம், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியதில்லை. அது வளரும்போது நாம் இங்கே இருப்போமா என்று ஒரு நினைப்பு. ஆக உன் பேச்சில் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதியைத் தேடிப் போன இடத்தில் நான் வகையாக மாட்டிக்கொண்டேன், அதைச் சொல்லத்தான் இவ்வளவு தாள்.

நாம் வாங்கப்போகிறோம் என்ற செய்தி எப்படிப் பரவியது என்று தெரியவில்லை, அம்மா ஒரே ஒருவரிடம்தான் சொன்னாளாம். கீழ்த்தளத்துத் தையல்காரரை உனக்கு நினைவிருக்கும், நீ கல்லூரிக்குப் போட்டுப் போனதெல்லாம் அவர் கைபட்டதுதான். அவரும் வாடகைக்குத்தான் இருக்கிறார், மாலை டீக்கு எனக்கு அவர் கடைதான். அன்று என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க ஓனர் சார், இனிமே இந்த ஸ்டூல்ல எல்லாம் உக்காருவீங்களா" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் ஸ்டூலைத் துணியால் துடைத்துவிட்டுப் போட்டார், அதற்கு முன் துடைத்ததே இல்லை. அதே வாரம் செயலாளர் படியில் என்னை நிறுத்திக் கைகுலுக்கி, ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் கூட்டத்துக்கு வாருங்கள் என்றார். இத்தனை வருஷமும் அந்தக் கூட்டத்துக்கு நம் வீட்டிலிருந்து நாற்காலிகள் மட்டும் மொட்டை மாடிக்குப் போய் வந்துகொண்டிருந்தன. நான் இன்னும் வாங்கவில்லையே என்றேன். வாங்கத்தானே போகிறீர்கள், சும்மா வந்து உட்காருங்கள் என்றார். நான் போயிருக்கக் கூடாது. ஆனால் அங்கே அப்படி என்னதான் பேசுவார்கள் என்று எத்தனையோ வருஷ ஆவல், நம் நாற்காலிகளுக்குக்கூடத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் இருந்தது.

பேச்சு மொட்டை மாடியைப் பற்றித்தான். மேனேஜர் வீட்டுப் படுக்கையறைக் கூரை ஊறிப்போய்ப் பூச்சு உதிர்கிறதாம். வாடகைக்காரர்கள் மாடியில் தண்ணீரைக் கொட்டுகிறார்கள், சொட்டச் சொட்டத் துணி போடுகிறார்கள், அதனால் மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும் ஆளுக்கொரு சாவி வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். "வாடகைக்கு இருக்கறவங்க நாளைக்குக் காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க, ஒழுக்கு என் தலைக்கு மேலயேதான் இருக்கும்" என்று அவர் சொன்னபோது எனக்கே பாவமாக இருந்தது. இன்னொரு பக்கம், கீழ்த்தளத்து அறைகளில் வெயில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். மாடி இல்லாவிட்டால் அவர்கள் துணி காயாது, வெட்டுவதற்கு முன் தையல்காரர் நனைத்துச் சுருங்கவைக்கிற புதுத்துணி காயாது, நின்று நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற எதிர்வீட்டு நர்ஸ் பெண்ணுக்குக் கால்நீட்டி உட்கார இடம் கிடையாது. வாடகைக்காரர்கள் ஒருவரையொருவர் உட்கார்ந்து பார்ப்பதே அங்கேதான். ஓய்வுக்குப் பிறகும் நான் தினம் பார்க்கிற மழைமானியும் அங்கேதான் இருக்கிறது. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, கூரை ஊறுவது மழை பெய்த நாளிலா, துணி போட்ட நாளிலா? அதைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடுமே. கேட்கலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். புது ஆள், நடுவில் புகுந்து பேசக்கூடாது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கையைத் தூக்கினேன். நான் யோசித்து முடித்துக் கையைத் தூக்குவதற்கும், பூட்டுப் போடச் சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்று செயலாளர் கேட்பதற்கும் சரியாக இருந்திருக்கிறது. இருந்ததிலேயே என் கைதான் நேராக நின்றதாம். வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் அன்று சரிபாதி. வேண்டாம் என்றவர்கள் வாடகைக்காரர்கள்மேல் இரக்கப்பட்டார்கள் என்று நினைத்துவிடாதே, சாவியைத் தொலைத்துவிடுவோம் என்று பயந்தவர்கள். என் கை ஒன்று கூடிவிட்டது. தீர்மானம் நிறைவேறியது என்றார் செயலாளர், எல்லோரும் எழுந்தார்கள், மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா, பரவாயில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். "கையைத் தூக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு வாயைத் தொறக்கத் தெரியலையா" என்றாள், அவ்வளவுதான், மீதியைத் தட்டு வைத்த சத்தத்தில் சொல்லிவிட்டாள். மறுநாளே பூட்டு வந்துவிட்டது, என் உள்ளங்கை அகலம். மழைமானியைப் பார்க்க வேண்டும், ஒரு சாவி கிடைக்குமா என்று செயலாளரிடம் கேட்டேன். பத்திரம் பதிவாகட்டும் சார், இப்போது நீங்கள் வாடகைதானே என்றார். பூட்டச் சொன்னவனும் நான், திறக்கச் சாவி இல்லாதவனும் நான். சிரிப்பு வந்தது, ஆனால் சேர்ந்து சிரிக்க ஆள் இல்லை. தையல்காரர் கடையில் ஸ்டூல் இருந்தது, அதன்மேல் ஒரு துணிக்கட்டு இருந்தது, அவர் அதை எடுக்கவில்லை. கடைக்குள்ளேயே கயிறு கட்டி நனைத்த துணியைப் போட்டிருந்தார், அது என் தோளில் சொட்டியது. நான் கேள்வி கேட்கத்தான் கையைத் தூக்கினேன் என்று விளக்கினேன். மெஷினை நிறுத்தாமலே, "கேள்வி கேக்கறதுக்குக் கை எதுக்கு சார்" என்றார். அன்று மாலை நர்ஸ் பெண் வந்தாள். அவளும் வாடகைக்காரிதான், அவள் வீட்டு மாற்றுச் சாவி குடிவந்ததிலிருந்தே நம்மிடம் இருக்கிறது. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது நம் வீட்டுக்காரர் போட்ட முதல் நிபந்தனை, அதனால் அது ஜன்னல் கொக்கியில் தொங்கும். அவள் வேலைக்குப் போயிருக்கும்போது அவள் மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றுவிட்டால் திறந்துவிடுவது என் பொறுப்பு. தங்கச்சி வந்து தங்கப்போறா, அவளுக்கு வேணும்ப்பா என்று சாவியை வாங்கிக்கொண்டு போனாள். தங்கை யாரும் வரவில்லை. அந்தச் சாவி காற்றில் ஜன்னல் கம்பியில் மோதிக்கொண்டே இருந்திருக்கிறது, சத்தம் நின்ற பிறகுதான் அப்படியொரு சத்தம் நம் வீட்டில் இருந்ததே எனக்குத் தெரிந்தது.

சில நாள் படியேறும்போதெல்லாம் மேலே கேட்கிற பேச்சு நான் வந்ததும் நின்றுபோனது. நான் இன்னும் சொந்தக்காரனும் ஆகவில்லை, வாடகைக்காரர்கள் கூட்டத்திலிருந்தும் கழன்றுவிட்டேன். செயலாளரிடம் சொல்ல வேண்டியதைக் குளியலறையில் நின்று சொல்லிப் பார்த்தேன், வெளியிலிருந்து அம்மா, சத்தமாகச் சொல்லுங்கள், கேட்கவில்லை என்றாள். பிறகு போனேன். அவர் கதவுதான் எப்போதும் திறந்திருக்குமே, தட்டுவதற்கு நின்று தயங்கக்கூட வழியில்லை. அவர் உட்காரச் சொன்னார், உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும், நின்றுகொண்டே சொன்னேன். "என் கை கணக்குல உண்டுன்னா எனக்கு ஒரு சாவி உண்டு சார். சாவி இல்லைன்னா அந்தக் கையும் இல்லை. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க." அவர் பேப்பரை மடித்து வைத்தார். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றார். "அன்னைக்கு வாயைத் தொறக்கத்தான் சார் கையைத் தூக்கினேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். துருவிப் பார்க்கிற மனிதர்தான், ஆனால் நியாயம் தெரிந்தவர். பதிவாகாத ஆளின் கை செல்லாது, சரிபாதி என்றால் தீர்மானம் நிற்காது, அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம், அதுவரை பூட்டு திறந்தே தொங்கட்டும் என்று அங்கேயே முடித்துவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கேட்க வந்த கேள்வியை நான் இன்னும் கேட்கவே இல்லையே, அது உறுத்திக்கொண்டிருந்தது. மேனேஜர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் முகம் கொடுக்கவில்லை, கூரையைப் பார்க்கலாமா என்றதும் மட்டும் வழிவிட்டார். கட்டிலுக்கு நேர்மேலே ஒரு பெரிய ஈரத்திட்டு, அதற்குக் கீழே அவர் ஒரு பாத்திரம் வைத்திருந்தார், பார்க்க மனசு கேட்கவில்லை. மழை நாளிலா துணி நாளிலா என்று கேட்டேன். "மழை நின்னு எத்தனை நாள் ஆச்சு சார், நீங்கதானே அளக்கறீங்க, போன வாரம் பூட்டுப் போடற வரைக்கும் ஈரம் காயலையே, இப்பதான் காய ஆரம்பிச்சிருக்கு" என்றார். மழைதான் காரணம் என்று வரவேண்டுமென்று நான் உள்ளூர ஆசைப்பட்டிருந்தேன், அளக்கிறவன் அப்படி ஆசைப்படக் கூடாது. மாடியில் போய்ப் பார்த்தால் அந்த இடத்துக்கு நேர்மேலே தையல்காரரின் கொடிக்கயிறு, அதன் கீழே தரை குழிந்து தண்ணீர் நிற்கும் தடம். கஷ்டமாக இருந்தாலும் அவரிடமே போய்ச் சொன்னேன், வந்து ஒருமுறை பாருங்கள் என்று கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். இத்தனை வருஷத்தில் அவர் மேல்மாடி வீட்டுக்குள் போனதில்லையாம், வாசலிலேயே காலைத் துடைத்துக்கொண்டு நின்றார். அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது என் துணித் தண்ணியா சார்? இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். உங்க ஓனரிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன் என்றார் மேனேஜர். "எங்க ஓனர் வாடகை கட்டற அன்னைக்கு மட்டும்தான் சார் போன் எடுப்பாரு" என்றார் தையல்காரர். மேனேஜர் சிரித்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். எனக்கு இதுதான் ஆச்சரியம். கூரையில் ஊறின தண்ணீர் ஒரு மாடி இறங்கிவிட்டது. அதைப் பற்றிய பேச்சு மட்டும் கீழே இறங்காமல், எங்கோ வேறு தெருவில் இருக்கிற சொந்தக்காரரிடம் போய் அங்கேயே நின்றுபோனது. ஒரு சொந்தக்காரர் தன் குறையை இன்னொரு சொந்தக்காரரிடம்தான் சொல்வார் போல, அந்த வீட்டில் குடியிருப்பவர் அவர் கண்ணில் படுவதில்லை. நாமும் அப்படித்தானே, குழாய் கெட்டால் வீட்டுக்காரருக்குப் போன் செய்வோம், பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறோமா? மறுநாள் தையல்காரர் கயிற்றை அவிழ்த்துத் தண்ணீர் போகும் குழாய்ப் பக்கமாகக் கட்டினார், இன்னொரு முனையை மேனேஜர் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று மாலை ஸ்டூல் காலியாக இருந்தது, துடைக்கவில்லை, நூல்பிசிறோடு அப்படியே இருந்தது, எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நர்ஸ் பெண்ணும் வந்தாள், சாவியைத் தானே கொக்கியில் மாட்டினாள். தங்கை வரவில்லையா என்று கேட்டேன், நான் கேட்டிருக்க வேண்டியதில்லை. எனக்குத் தங்கச்சியே கிடையாதுப்பா என்றாள், எல்லோரும் சிரித்தோம். வந்த மறுநாளே எங்களை நம்பிச் சாவியைக் கொடுத்தாயே, எப்படியம்மா என்று அப்போதுதான் கேட்க முடிந்தது. "நாங்க எப்ப வேணாலும் காலி பண்ண வேண்டியவங்கப்பா. பழகிப் பாத்துட்டுக் குடுக்கலாம்னு இருந்தா அதுக்குள்ள வேற வீடு வந்துடும்" என்றாள். நீ சொன்ன ஒட்டுதலில் எனக்குப் புலப்படாத மீதிப் பாதி இதுதானோ என்று நினைக்கிறேன். இருக்கப்போகிறோம் என்று மரம் நடுகிறவர்கள் ஒரு வகை, போகப்போகிறோம் என்று உடனே சாவி கொடுக்கிறவர்கள் ஒரு வகை. இதையும் நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம், பார்த்தது ஒரே ஒரு கட்டடம்தான்.

இப்போது பதில். வாங்கலாம், மகளே. அக்கம்பக்கத்தில் மதிப்பு வரும் என்பதற்காக இல்லை, ஓனர் சார் என்று கூப்பிட்டபோது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அடுத்த கூட்டத்தில் பூட்டு விஷயம் மறுபடி வருகிறது, மேனேஜர் இன்னும் மனதைத் திறக்கவில்லை, அவர் மாறாவிட்டால் கணக்கு முன்போலச் சரிபாதிதான். இந்த வீட்டை யார் வாங்குகிறார்களோ அவர்கள் கைதான் தீர்மானிக்கும். டேப் வைத்து அளந்த மனிதருக்கு இங்கே துணி காயப்போட வேண்டிய அவசியம் இல்லை, அவர் எந்தப் பக்கம் கை தூக்குவார் என்று எனக்குத் தெரிகிறது, மழை வரும் என்று முன்கூட்டிச் சொல்வது என் வாழ்க்கையில் இதுதான் முதல்தடவை. என் கை கணக்கில் வரவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அன்றைக்குக் கையைக் கீழே வைத்துக்கொண்டு வாயைத் திறப்பதாக உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அவள் நம்பவில்லை, நானும் முழுதாக நம்பவில்லை. ஆனால் ஒன்று, இதற்கு நீ வாங்க வேண்டிய கடன் உன் தோளுக்கு மீறியது என்றால் ஒளிக்காமல் சொல்லிவிடு, என் மனம் நோகும் என்று பார்க்காதே. எங்களுக்கு வாடகை வீடு புதிதா என்ன, போகிற இடத்திலும் மறுநாளே யாராவது சாவி கொடுப்பார்கள், இல்லாவிட்டால் நம் சாவியை நாம் கொடுத்தால் போகிறது.

அம்மா இதற்குள் ஆணி வாங்கி வந்துவிட்டாள். இத்தனை வருஷமாக அலமாரியின்மேல் சாய்ந்தே நிற்கிற உன் பட்டமளிப்புப் படத்துக்கு முதல் ஆணி என்று நான் நினைத்திருந்தேன். நர்ஸ் வீட்டுச் சாவிக்குத்தான் முதல் ஆணி என்கிறாள். படம் சாய்ந்து நின்றாலும் விழாதாம், சாவிதான் காற்றில் ஆடுகிறதாம்.

ஒன்று மறந்துவிடாதே. நீயும் அங்கே வாடகை வீட்டில்தான் இருக்கிறாய், எதிர்க்கதவில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது என்று ஒருமுறை சொன்னாய். அது என்ன கதவு, என்ன நிறம், காலையில் யார் அதைத் திறந்துகொண்டு போகிறார்கள் என்று எனக்கு அறிய ஆவலாக இருக்கிறது. ஒருநாள் தட்டிப் பார், ஒரு கிண்ணம் சர்க்கரை கேட்டால்கூடப் போதும். உன் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று அடுத்த போனில் கேட்பேன், மாப்பிள்ளையின் பையில் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன். நீங்கள் இருவரும் நல்ல உடம்போடும் நிம்மதியான தூக்கத்தோடும் நீண்டகாலம் சேர்ந்து வாழ எங்கள் இருவரின் ஆசி எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் பதில் வருமுன்பே சுத்தியலும் கேட்டு வாங்கி வைத்திருக்கிற அம்மாவோடு,
உன் அப்பா